முனையைச் சுற்றி வந்த எட்டுச் சாளைகள்

மீன் துடுப்பிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது எப்படி என்று நம் ஆய்வகத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஒரு மாதத்தில் அதெல்லாம் கைக்குப் பழகிவிடும். அடுத்த மாதம் நான் வேறு வேலைக்குப் போகிறேன். போவதற்கு முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொன்னார். ஏழு வருடத்தில் சரியாகச் செய்த காரியங்கள் எனக்கு நிறைய உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பெருமையாகப் பேசுவேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நின்றது எட்டுச் சாளை மீன்கள்தான்.

சாளையை உங்களுக்குத் தெரியும். வெளியூரில் மத்தி என்பார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். குமரிமுனைக்கு மேற்கே ஒன்று, வட்டக்கோட்டைப் பக்கம் கிழக்கே ஒன்று. இரண்டிலும் சாளை உண்டு. ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நாங்கள் கேட்ட கேள்வி இதுதான்: இவை ஒரே குடும்பமா, அல்லது எப்போதோ பிரிந்துபோன இரண்டு குடும்பங்களா? இன்றும் முனையைச் சுற்றி வந்து ஒன்றோடொன்று கலக்கின்றனவா? மீனின் ஜீனோமை, அதாவது அதன் முழு மரபணுத் தொகுப்பைப் படித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு எவ்வளவு காலம் கலக்காமல் இருந்தது என்ற கணக்கை ஒவ்வொரு மீனும் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது.

கரையில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதில் முக்கியம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை கிழக்கே ஒரு பருவத்தில் வருகிறது, மேற்கே இன்னொரு பருவத்தில். ஒரே மீன் இரண்டு பக்கமும் போய்வருகிறது என்றால் இரண்டு தடை எதற்கு, ஒன்றாக ஆக்கிவிடலாமே என்ற பேச்சு அப்போதே இருந்தது. இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் அவை.

நான் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கையெழுத்துப் போடுவாள், அதற்கு மேல் எழுத்து வராது. காலையில் எங்கள் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் ஐஸ் தூவி, தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் போய்த் தெருத்தெருவாக விற்பாள். அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. என் கல்லூரிப் படிப்பு அவள் தலையில் ஏறித்தான் நடந்தது.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"ஏட்டி, அந்த லேப்புல நீ என்னதான் செய்யுத?"

"மீனோட ஜீனோம் பாக்கோம்."

"அப்பிடீன்னா?"

"எந்த மீன் எந்த வம்சம்னு கண்டுபிடிக்கது."

"மீனுக்கு ஞானஸ்நானச் சீட்டு எழுதுத. செரி. அதுக்குச் சம்பளமும் தாராவளா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "அதுக்கு மேல சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு மீன வெட்டவும் தெரியும், விக்கவும் தெரியும். அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஜீனோமைப் புரியவைக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

எங்கள் கரையில் மாதிரி எடுப்பது என் பொறுப்பு. காலையில் போய், ஏலத்துக்கு வந்த சாளையில் பத்து மீன் வாங்கி, ஒரு பையில் போட்டு எண் கொடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவருவேன். வால் துடுப்பில் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஆல்கஹால் குப்பியில் போடுவேன். பதிவேட்டில் தேதி, இடம், வலை, படகு எல்லாம் எழுதுவேன். ஒரே ஒரு முறை மட்டும் நான் கரையில் இல்லை. கணினியில் ஜீனோம் தரவைக் கையாளும் பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பும் நாளில் ஒரு பை வேண்டியிருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக் காலைல நான் வருவேன். பத்துச் சாளை எடுத்து ஐஸ்ல போட்டு வை. நல்லதா இருக்கணும்."

"கறிக்கா?"

"லேப்புக்கு. கெட்டுப் போகாம இருக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் பேருந்திலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், பெட்டியை வாங்கிக்கொண்டு அதே ஆட்டோவில் ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். துடுப்பை வெட்டினேன். பதினோராம் எண் பை. தேதி எழுதினேன், எங்கள் கரையின் பெயரை எழுதினேன். வலை என்ற கட்டத்தில் 'சாளை வலை' என்றும் படகு என்ற கட்டத்தில் 'வள்ளம்' என்றும் எழுதினேன். வேறு என்னவாக இருக்கும் என்று நினைத்தேன். மீன்காரியின் தங்கை நான். அந்த மீன்களின் கண்ணை ஒரு முறை பார்த்திருந்தால் எத்தனை நாள் ஐஸில் கிடந்தவை என்று சொல்லியிருப்பேன். நான் குப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்து ஜீனோம் முடிவுகள் வந்தன. ஒவ்வொரு மீனும் கணினித் திரையில் ஒரு புள்ளி. மேற்குக் கடல் மீனுக்கு நீலம், கிழக்குக் கடல் மீனுக்குச் சிவப்பு. நீலப் புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கம் கூட்டமாக நின்றன, சிவப்புப் புள்ளிகள் மறுபக்கம். எட்டு நீலப் புள்ளிகள் மட்டும் சிவப்புக் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தன. எட்டும் என் ஊர்க் கரையில் எடுத்தவை. கிழக்குக் கடல் சாளை முனையைச் சுற்றி மேற்கே வருகிறது என்றுதான் நாங்கள் அதைப் படித்தோம். மேடம் எழுந்து நின்று திரையைப் பார்த்தார். நிதானமான மனுஷி அவர். அன்று அந்த எட்டுப் புள்ளிகளையும் என்னை இரண்டு முறை எண்ணச் சொன்னார்.

கட்டுரை எழுதத் தொடங்கினோம். முதல் பெயர் என்னுடையது. அது வெளியானால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வெளியாகாவிட்டால் திட்டம் முடிகிற அன்று என் வேலையும் முடியும். அதோடு, இரண்டு வாரத்தில் அதிகாரிகளும் படகு உரிமையாளர்களும் உட்காரும் கூட்டம் ஒன்றில் தடைக்காலத்தைப் பற்றிப் பேச மேடத்தை அழைத்திருந்தார்கள். அந்த எட்டுப் புள்ளிகளை அங்கேயும் காட்டுவதாக இருந்தது.

அனுப்புவதற்கு முன் மேடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எட்டும் ஒரே பையிலிருந்து வந்திருக்கே. அந்தப் பையில மிச்சம் இரண்டு?"

"அதுல டி.என்.ஏ. சரியா வரல்ல, மேடம்."

"அப்ப அந்தப் பை முழுக்கச் சிவப்பு. உங்க கரையோட மத்த பை எதுலயும் ஒண்ணுகூட இல்ல. ஏன்?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. சாளை கூட்டமாகப் போகிற மீன். ஒரு கூட்டம் சுற்றி வந்திருக்கிறது, அன்றைக்கு அந்தக் கூட்டம் வலையில் விழுந்திருக்கிறது. சொல்லும்போதே எனக்கு அது அழகாக இருந்தது. "அப்படியும் இருக்கலாம். பதிவேட்டைக் கொண்டு வா" என்றார் மேடம். கொண்டுபோனேன். தேதி, இடம், வலை, படகு என ஒரு கட்டமும் காலியில்லை.

"நீயே எழுதினதா?"

"ஆமா, மேடம்."

"அப்ப சரி" என்று பதிவேட்டை மூடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒழுங்காக விளக்கினேன். இரண்டு கடல், இரண்டு குடும்பம், முனையைச் சுற்றி வந்த எட்டு மீன். அவளுக்கு முழுதும் புரிந்தது.

"எந்த மீனுட்டி அது?"

"நீ தந்ததுதான். நான் பயிற்சிக்குப் போயிட்டு வந்த அன்னைக்குத் தந்தியே, பத்துச் சாளை."

கத்தி நிற்கவில்லை. "அது தூத்துக்குடிச் சாளையாக்கும்" என்றாள்.

"என்னது?"

"முந்தின நாளு நம்ம ஊர்த் தேருல்லா. தேர் அன்னைக்கு எவன் மக்கா கடலுக்குப் போவான்? போனாலும் கோயில் கமிட்டிக்காரன் விட்டிருவானா? நீ அந்த வருசம் தேருக்கு வரல்ல. உனக்கு எப்பிடி ஓர்மை இருக்கும்? நம்ம கரையில மீன் வாடையே இல்ல. நீயானா நல்லதா வேணும்னு சொன்ன. நாகர்கோவில் சந்தைக்குப் போனேன். தூத்துக்குடி வண்டி வந்து நின்னுது. மூணு பெட்டியக் கிண்டி, வயிறு உடையாததாப் பாத்துப் பாத்துப் பத்து எடுத்தேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. தங்கை கேட்ட மீன் எங்கள் கரையில் இல்லாத நாளில், இரண்டு பஸ் மாறிப் போய்த் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல்ல?" என்று கத்தினேன்.

"நீ கேக்கல்லியே. எங்க உள்ள மீனுன்னு ஒரு வார்த்த கேட்டியா? எதுக்குன்னு எனக்குச் சொன்னியா? பெட்டிய வாங்கிட்டு ஓடின."

அங்கேயே உட்கார்ந்தேன். கட்டுரை, பட்டம், உதவித்தொகை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நான் சொன்னதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ யாருட்டயும் சொல்லாண்டாம்" என்றேன். உண்மையும் அதுதான். பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. அது பொய் என்று அறிந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அதைப் படிக்கவே தெரியாது.

அப்போதுதான் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் பெட்டியில பழசான ஐஸ் மீன ஐஸ் மீனுன்னு சொல்லித்தான் விக்கியேன். அரண்மனைக்குப் பொறத்தால உள்ள டீச்சரம்மா வீட்டுக்கு எத்தன வருசமாக் குடுக்கேன். ஒருநாளு ஐஸ் மீனக் கரை மீனுன்னு குடுத்தேன்னு வை. அவியளுக்குத் தெரியாமலே போட்டும். மறுநாளு அந்த வாசல்ல போய்க் கூப்பிட எனக்கு நாக்கு வருமா?" சீவின தோலை ஒதுக்கித் தள்ளினாள். "நீ படிச்சவ. உங்க சந்தையில எப்பிடியோ, எனக்குத் தெரியாது."

எழுந்து கிழங்கை அடுப்பில் வைக்கப் போய்விட்டாள். சாளைக் குழம்போடு எனக்கும் சேர்த்துப் பரிமாறினாள். அவளைவிட நான் அதிகம் படித்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடங்களை எல்லாம் அந்தச் சாப்பாட்டின்போது எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். வலையும் படகும் நான் கேட்காமல் எழுதியவை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் பதிவேட்டை எடுத்துப் பதினோராம் பையின் வரியில் விரலை வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மத்த பைகள்?" என்றார்.

"எல்லாம் நானே கரையில நின்னு வாங்கினது, மேடம்."

"கரைக்கு வந்தது உனக்குத் தெரியும். பிடிச்ச இடம்?"

எனக்குத் தெரியவில்லை. கட்டுரை அன்றே நின்றது.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். தன் முறை வந்ததும் எழுந்து, எங்கள் மாதிரியில் தவறு நேர்ந்துவிட்டது, சாளை முனையைச் சுற்றி வருகிறதா இல்லையா என்று இன்றைக்கு எங்களால் சொல்ல முடியாது என்றார். தவறு யாருடையது என்று சொல்லவில்லை. 'எங்கள்' என்றுதான் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒரு படகுக்காரர் கேட்டார், "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லதுக்கா மேடம் இவ்வளவு தூரம் வந்திய?"

"ஆமா. தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டா உங்க படகுதானே கரையில கட்டிக் கிடக்கும்? அதுக்குத்தான் வந்தேன்."

படகுக்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் அதே ஆள் வந்து, அடுத்த முறை மாதிரி எடுக்க என் படகுக்கு வாங்க என்று தன் எண்ணைக் கொடுத்தார். இத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நிமிர்ந்து நிற்க ஒருவரால் முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அறிவாளிகள் பலரை இந்த வேலையில் சந்தித்திருக்கிறேன். அன்றைக்கு மேடத்தை மதித்த அளவு வேறு யாரையும் மதித்ததில்லை.

அந்த வருடம் என்னால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. தற்காலிக வேலையிலேயே இருந்தேன். பட்டத்துக்கான பதிவு இரண்டு வருடம் தள்ளிப்போனது. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களுக்கு அது வசதியாயிற்று. அக்காதான் அவர்களை வாசலோடு அனுப்பினாள். இரண்டு கரையிலும் மறுபடி மாதிரி எடுத்தோம், இந்த முறை படகிலேயே போய். மேற்குக் கூட்டமும் கிழக்குக் கூட்டமும் தனித்தனியே நிற்கின்றன என்றும், முனைக்கு மிக அருகே மட்டும் கொஞ்சம் கலப்பு தெரிகிறது என்றும் பிறகு எழுத முடிந்தது. எட்டு மீன் சுற்றி வந்த கதையைவிட இது சாதுவான முடிவு. ஆனால் பிடித்து உலுக்கினாலும் நிற்கும்.

இனி, பதிவேட்டில் 'கொடுத்தவர் சொன்னது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றி. எரிச்சலாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. மீனைக் கொடுப்பவரிடம் இது எதற்காக என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், பிறகு அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அந்தக் கட்டம் வந்தது, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, மறுபடி மாதிரி எடுப்பதற்கு முன், ஒரு வியாழக்கிழமை. மேடம் என்னிடம், "உங்க அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

அக்கா விற்பனை முடிந்து, காலிப் பாத்திரத்தோடு நேராக இங்கே வந்தாள். நாற்காலியில் உட்காரத் தயங்கினாள். சேலையில் மீன் வாடை இருக்கிறதே என்றாள். "இந்த ரூமே மீன்தான், உக்காருங்க" என்றார் மேடம். நான் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பையின் தேதியையும் வாசித்தேன். எங்கள் கரையிலிருந்து மொத்தம் பத்தொன்பது பைகள், அதில் பதினோராம் பை ஏற்கெனவே போய்விட்டது. ஏலத்துக்குத் தினமும் வருகிறவள் அவள். தேதி அவளுக்குப் பயன்படவில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின நாள், பெருங்காற்று அடித்து ஓடு பறந்த வாரம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நான் மாற்றிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாள்.

"அது நம்ம கடலு. நான் ஏலம் எடுத்த வள்ளமாக்கும்."

"இதுவும் செரி."

"இது ஆகாது. அந்த வள்ளக்காரன் அந்த மாசம் முழுக்க கொல்லத்துல தங்கித் தொழில் செஞ்சான். பொண்டாட்டிக்குப் பேறுகாலம்னு வரும்போது வண்டியில ஐஸ் வச்சுக் கொண்டாந்த மீன். நம்ம கரையில வித்தான், அவ்வளவுதான்."

அந்தப் பை நீலக் கூட்டத்தில்தான் விழுந்திருந்தது. கொல்லமும் மேற்குக் கடல்தானே. எங்கள் முடிவுக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். "வெட்டு" என்றார். சிவப்புப் பேனாவால் வரியின் மேல் கோடு இழுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இரண்டு வருடத்துக் காலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இரண்டு பட்டதாரிகள் குறித்துக்கொண்டிருந்தோம். தெரியாத நாள் வந்தபோது, "எனக்கு ஓர்மை இல்ல" என்று தயங்காமல் சொன்னாள். அதையும் வெட்டினோம். ஒரு மணி நேரத்தில் நான்கு பைகள் போயின.

அக்கா எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சிவப்புக் கோடுகளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவை கோடுகளாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் என் முகத்தைப் படிக்க அவளுக்கு எழுத்து வேண்டியதில்லை.

"இவ்வளவும் வெட்டிட்டியே, உனக்கு என்னட்டி மிச்சம்?"

"பதினாலு பை இருக்கு."

"அது முழுக்க நம்ம கடலுதானே?"

"நீதானே சொன்ன."

"பின்ன என்ன?" என்றாள். "அதக் கூவி வில்லு."